அந்த 'ஓரிரு இடம்' எதுங்க?

"அடுத்த 24 மணி நேரத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்..." ஏப்ரல், மே மாசத்துல டி.வி.யில இதைச் சொன்னதும் ஹாஸ்டல் மெஸ்ல ஒரு நக்கல் சிரிப்பு நிச்சயம். 'அந்த இடம் எதுன்னு சொன்னா பாயைச் சுருட்டிட்டு அங்கயே போயிடுவோம்ல!' ரமணன் சார் 2016-ல ரிட்டயர் ஆகிட்டார். வானிலை ஜோக்குகள் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகலை!

ஆனா மக்களே, 'ஓரிரு'ங்கிறது வாய்க்கு வந்த வார்த்தை இல்லை. அதுக்குக் கணக்கு இருக்கு. ஒரு பகுதியில இருக்கிற மழை அளக்கும் நிலையங்கள்ல 25 சதவிகிதம் வரை மழை பதிவானா, 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை 'சில இடங்கள்'. 51 முதல் 75 வரை 'பல இடங்கள்'. அதுக்கும் மேலேன்னா 'பெரும்பாலான இடங்கள்'. அதாவது, நாலு ஊர்ல ஒரு ஊர் நனைஞ்சாலே அறிவிப்பு கரெக்ட். நனையாத மூணு ஊரும் திட்டித் தீர்க்கும்!

எந்த ஊர்னு முந்தின நாளே ஏன் சொல்ல முடியலை? அடுப்புல கொதிக்கிற தண்ணியில முதல் குமிழி எங்கே வரும்னு உங்களால சொல்ல முடியுமா? கோடை மழையும் அப்படித்தான். வெயில்ல தரை கொதிக்குது. சூடான காத்து ஈரத்தோட மேலே ஏறி, பத்து கிலோமீட்டருக்கும் மேல மேகமா வளருது. ஒரு மணி நேரம் போல கொட்டிட்டுக் கலைஞ்சிடுது. சென்னைப் பக்கம் கடல்காத்தும் ஒரு கேரக்டர். அது மத்தியானம் வந்தா தப்பிச்சோம், லேட்டானா வெந்தோம். உள்ளே போற கடல்காத்து, நிலத்துச் சூட்டோட மோதுற இடத்துலதான் பல நாள் இடி மேகம் கிளம்பும். அதனாலதான் மெரினாவுல சொட்டு மழை இல்லாதப்ப பூந்தமல்லியில கொட்டும். ரேடார்ல மேகம் தெரிஞ்ச பிறகு, அடுத்த மூணு மணி நேரத்துக்கு எந்தெந்த மாவட்டம்னு தனி அறிவிப்பு வரும். கிரவுண்டுக்குக் கிளம்பும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஏன்னா, விஷயம் நனையறது மட்டும் இல்லை. 2022-ல மட்டும் இந்தியாவுல மின்னல் தாக்கி இறந்தவங்க 2,887 பேர்னு சொல்லுது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். கோடை இடி பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். நாம பேட்டோட நிக்கிற அதே நேரம். திறந்த மைதானம், ஓரத்துல ஒத்தை வேப்பமரம், மழை வந்தா மொத்த டீமும் அதுக்குக் கீழே. இதைவிட மோசமான இடம் கிடையாது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல மூணு செகண்ட் இருந்தா ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது செகண்ட்னா பத்து கிலோமீட்டர். 'ரொம்ப தூரம் மச்சி, லாஸ்ட் ஓவர் போட்டுடலாம்'னு ஒருத்தன் சொல்வான். நம்பாதீங்க! இடிச்சத்தம் காதுல விழுந்தாலே மின்னலோட எல்லைக்குள்ளதான் நிக்கிறோம். உடனே கட்டடத்துக்குள்ள போங்க. பைக் ஸ்டாண்டு ஷெட் எல்லாம் கணக்குல வராது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே வாங்க. யாரையாவது மின்னல் தாக்கிட்டா தொடப் பயப்பட வேண்டாம், உடம்புல மின்சாரம் தங்காது. 108-க்கு போன் போடுங்க. மூச்சு இல்லேன்னா, உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி ஆரம்பிங்க.

இந்த சீசன்ல உங்க டீமுக்கு ஒரே ஒரு புது ரூல்: இடி கேட்டா ஸ்டம்பைப் பிடுங்கு. ஜெயிக்கிற டீம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும், மிச்ச ஓவரை நாளைக்குப் போட்டுக்கலாம்!