பூஜ்யத்தின் விலை

கொஞ்சம் ஸ்டெம் செல். அது தொற்றிக்கொண்டு வளர, கட்டட வேலைக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சின்ன சாரம். போதும், உடைந்த எலும்பை உடம்புக்குள்ளேயே கட்டிவிடலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். நல்லது. கைதட்டுவதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் 2002-ல் மெட்ரானிக் கம்பெனியின் 'இன்ஃப்யூஸ்' அனுமதி பெற்றது. கொலாஜன் பஞ்சில் பி.எம்.பி-2 என்ற புரதத்தை ஊறவைத்து முதுகெலும்பில் வைத்தால், அது அக்கம்பக்கத்து ஸ்டெம் செல்களைக் கூப்பிட்டு எலும்பாக்கும். இடுப்பெலும்பைச் சுரண்டி ஒட்டுகிற வலி மிச்சம். கம்பெனி செலவில் 13 ஆய்வுகள், 780 நோயாளிகள். மருந்தால் வந்த பக்கவிளைவு? பூஜ்யம்!

தலைவலி மாத்திரைக்குக்கூட இந்தப் பூஜ்யம் கிடைக்காதே சார்!

கழுத்தில் வைத்துக்கொண்ட சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டுவதாக 2008-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2011-ல் 'ஸ்பைன் ஜர்னல்' ஒரு முழு இதழையே ஒதுக்கிப் போட்டு உடைத்தது: நிஜக் கணக்கு 10 முதல் 50 சதவிகிதம். மீதியை 2012-ல் செனட் கமிட்டி சொன்னது. ஆய்வுகளை எழுதிய டாக்டர்களுக்கு 1996 முதல் 2010 வரை கம்பெனி கொடுத்தது சுமார் 21 கோடி டாலர். ராயல்டியாம், ஆலோசனைக் கட்டணமாம். தப்பே நடக்கவில்லை என்றது கம்பெனி.

விற்கிறவனே தராசையும் பிடித்தால் எடை இப்படித்தான் இருக்கும்.

நாளைக்கு ஸ்டெம் செல் எலும்பும் கடைக்கு வரும். 'குணமாகுமா டாக்டர்?' என்று கேட்கிற வாயால், 'இந்த ஆய்வுக்கு யார் காசு கொடுத்தது?' என்றும் கேளுங்கள். முறைப்பார். முறைக்கட்டும், முதுகு நம்முடையது.