இருநிறப் புகைவண்டிப் படங்கள்

நீராவி எஞ்சின்களின் காலத்திற்குப் பின்னர்ப் பிறந்த எம்மனோர்க்கும் அவற்றின் கருப்பு வெள்ளைப் படங்களைக் காணுந்தோறும் எதனையோ இழந்துவிட்டாற்போன்றதோர் ஏக்கம் உள்ளத்தெழுகின்றது. மேட்டுப்பாளையத்து மலைவண்டியையன்றி வேறு நீராவி வண்டியைக் கண்டறியாத இளைஞர்க்கு இவ்வேக்கம் எங்ஙனம் உண்டாயிற்று? இழந்தவர்க்கன்றோ ஏக்கம்? இது வெறும் பாசாங்கே என்பாருமுளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். ஆயினும் அதனை ஆராயாது விடுதலும் தகாது.

இப்படங்களுள் தலைசிறந்தன அமெரிக்க நாட்டு வின்ஸ்டன் லிங்க் (1914–2001) என்பார் எடுத்தனவாம். 1955 ஜனவரியில் தொழில் நிமித்தம் வர்ஜீனியா சென்ற அவர், ஓரிரவு நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையைக் காணப் போயினார். ஏனைய பெருங் கம்பெனிகள் டீசலுக்கு மாறிவந்த அந்நாளில், நிலக்கரி நாட்டினூடே ஓடிய அக்கம்பெனி நீராவியைக் கைவிடாதிருந்தது. 1960இல் அதுவும் கைவிட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் லிங்க் எடுத்த படங்கள் ஏறத்தாழ 2,400.

அவற்றுட் பெரும்புகழ் பெற்றவை இரவிலெடுத்தவை. கதிரவனை வேண்டிய இடத்தில் நிறுத்துதல் ஒருவர்க்கும் இயலாது; விளக்கையோ நிறுத்தலாம். எனவே ஒருமுறையே எரிந்தவியும் மின்வெட்டுக் குமிழ்கள் பலவற்றைக் கம்பியாற் பிணைத்து, வண்டி கடக்கும் அந்நொடிக்கெனக் காத்திருந்தார். குமிழொன்று பழுதுறின் எதுவும் எரியாது. போன வண்டியும் மீளாது. கரிய இரவில் கரிய எஞ்சின் வெண்புகை கக்கி வருதலைக் காட்ட வேறு நிறம் எதற்கு? இருநிறம் ஈண்டுக் குறையன்று, பொருளின் இயல்பேயாம்.

1956 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவின் அயேகர் என்னும் ஊரில் எடுத்த படத்தைப் பலரும் அறிவர். திறந்தவெளித் திரையரங்கு, காரொன்றில் ஓர் இளைஞனும் நங்கையும், திரையில் ஆகாயவிமானம், அப்பாற் புகைவண்டி. குமிழ்களின் ஒளியில் திரை வெளிறிப்போயினமையின், விமானத்தைப் பின்னர் வேறொரு படத்தினின்றும் எடுத்துச் சேர்த்தனர். காரும் லிங்கினுடையதே! இது பொய்யன்றோ எனச் சிலர் வினவுவர். நாடகம் பொய்யெனின் இதுவும் பொய்யே. இதனை யாம் பெரிதுபடுத்தோம்.

எம்மை வருத்துவது வேறொன்று. கருப்பு வெள்ளையில் கரித்தூசும் அழகாகிவிடுகின்றது. வண்ணப்படத்தில் அழுக்காய்த் தோன்றுவது ஈண்டு நிழலாய் மாறுகின்றது. சூளையின்முன் கரியள்ளியிடுவோனின் வெம்மையும், சுரங்கத்தினுள் இருமுவோனின் துன்பமும் அந்நிழலுள் மறைகின்றன. அயேகர் அமைந்த மக்டவல் கவுண்டியில் 1950இல் ஏறத்தாழ 99,000 மக்கள் வாழ்ந்தனர். 2020இல் 20,000 பேரும் இலர். சுரங்கங்களில் எந்திரங்கள் புகுந்தமையும் நிலக்கரித் தொழிலின் நலிவும் அவர்களை அகற்றின. படத்தைப் பார்த்துப் பெருமூச்செறிவோருள் எத்துணைப் பேர் அவ்வூரைப் பற்றி வினவுகின்றனர்? எஞ்சினுக்காக ஏங்கி அதனை ஓட்டிய மக்களை மறப்பதாயின் அவ்வேக்கம் எமக்கு வேண்டா.

ஆயினும் பழியை லிங்கின்மேற் சுமத்துதல் நீதியன்று. எஞ்சினைக் கழுவுவாரையும், அதற்கு நெய்யிடுவாரையும், பாதையோரத்து வீட்டினரையும் அவர் விடாது படமெடுத்தார். கிரீன்கோவ் என்னுஞ் சிற்றூரில் எடுத்த படமொன்றில், வருகின்ற வண்டியின்முன் வண்டிக்குதிரையொன்று தலைதாழ்த்தி நிற்கின்றது. குதிரையின் தொழிலைக் கவர்ந்த எஞ்சின், தன் தொழிலையும் விரைவில் இழக்கவிருந்தது. மனிதரைக் காண மறுப்பது பார்ப்போரின் கண்ணேயன்றிப் படமன்று.

ரோனோக் நகரில் அக்கம்பெனியின் பழைய பயணியர் நிலையத்திலேயே 2004இல் இப்படங்கட்கெனக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. எஞ்சினின் வகையையும் எண்ணையும் படத்தின்கீழ் எழுதுதல் இத்தகைய படங்களைத் தொகுப்போரின் வழக்கம். அங்ஙனம் எழுதுவோர், படம் எடுத்த ஆண்டில் அவ்வூரில் எத்துணைப் பேர் வாழ்ந்தனர், இன்று எத்துணைப் பேர் உளர் என்பதையும் உடன் குறிக்க வேண்டுமென யாம் விரும்புகின்றோம்.