மாதிரியும் துணியும்

நுழையும்முன்

ஒரு மொழியில் வெற்றி பெற்ற திரைப்படம் வேறொரு மொழியில் மீண்டும் எடுக்கப்படுவதை மறுஆக்கம் என்பர். கதை மாறாமல் மொழி மாறும்போது எது தங்குகிறது, எது தொலைகிறது? நகைச்சுவைப் படமென்றால் இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது. தமிழில் 1964ஆம் ஆண்டிலும் இந்தியில் 1966ஆம் ஆண்டிலும் வெளிவந்த ஒரே கதையை முன்வைத்து இக்கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மாதிரியின் இலக்கணம்

திருப்பூரின் பனியன் கம்பெனி ஒன்றுக்குப் புதிய ஆர்டர் வரும்போது அதனுடன் ஒரு மாதிரி ஆடையும் வருவதுண்டு. கழுத்தின் வளைவு, கையின் நீளம், தோளின் அகலம் யாவும் அம்மாதிரியில் அமைந்திருக்கும். அதைக் கையில் வாங்கும் கட்டிங் மாஸ்டர் அளவுநாடாவோடு நின்றுவிடுவதில்லை. தம் மேசைக்கு வரவிருக்கும் துணி எத்தகையது, சாயப்பட்டறையிலிருந்து திரும்பியபின் எவ்வளவு சுருங்கும், இழுத்தால் எப்பக்கம் நீளும் என்பனவற்றையும் எண்ணிப் பார்க்கிறார். மாதிரி ஒரு துணியில் தைக்கப்பட்டிருக்கும். வெட்டப்போவதோ வேறொரு துணி. துணியின் இயல்பை அறியாமல் அதே அளவில் வெட்டினால், காகிதத்தில் சரியாக இருக்கும் ஆடை உடலில் பொருந்தாது. மாதிரியைக் காப்பதற்காகவே அளவைச் சற்று மாற்ற வேண்டியிருக்கிறது.

கலைப்படைப்புகள் மொழி மாறும்போதும் இவ்விதி பொருந்தும். ஆயினும், திரைப்பட மறுஆக்கங்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளே ஒலிக்கின்றன. மூலத்தை அப்படியே எடுத்தால் ‘வெறும் நகல்’ என்பர். சிறிது மாற்றினால் ‘மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்பர். இரண்டு தீர்ப்புகளும் மாதிரியை மட்டுமே பார்ப்பவை, துணியைப் பாராதவை.

ஒரு கதை, பல மொழிகள்

இயக்குநர் ஸ்ரீதர் ‘கல்யாண பரிசு’ (1959), ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஆகிய படங்களால் துயரக் காதலின் கலைஞராக அறியப்பட்டவர். இவ்விரு படங்களையும் அவரே முறையே ‘நஸ்ரானா’ (1961), ‘தில் ஏக் மந்திர்’ (1963) என்னும் பெயர்களில் இந்தியில் இயக்கினார். கண்ணீர் மொழியின் எல்லையைக் கடக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். சிரிப்பும் கடக்குமா என்னும் கேள்விக்கு விடையளிக்கும் வாய்ப்பைக் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) அவருக்குத் தந்தது.

ஈஸ்ட்மன் வண்ணத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தின் எழுத்துப் பணியில் ஸ்ரீதருக்குத் துணைநின்றவர் பின்னாளில் சித்ராலயா கோபு எனப் புகழ்பெற்றவர். வின்சென்டின் ஒளிப்பதிவும், விசுவநாதன்–இராமமூர்த்தியின் இசையும், கண்ணதாசனின் பாடல்களும் அதற்கு அமைந்தன. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அணைப் பகுதியிலும் அதன் காட்சிகள் படமாக்கப்பட்டன.

கதை எளியது. சின்னமலை எஸ்டேட்டின் உரிமையாளர் விசுவநாதன் செல்வர். மேலும் செல்வம் சேர்ந்த சம்பந்தத்தை விரும்புபவர். அவரிடம் வேலை இழந்த இளைஞன் அசோக், அவருடைய மகளை விரும்புகிறான். தான் பெருஞ்செல்வர் ஒருவரின் மகன் என்று பொய் சொல்கிறான். அப்பொய்யைக் காக்க அவனுடைய நண்பன் வாசு, முதியவராக வேடமிட்டுத் ‘தந்தை’யாக வருகிறான். விசுவநாதனின் மகன் செல்லப்பாவோ, படமெடுப்பதற்காக ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என ஒரு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டுத் தந்தையிடம் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இக்கதை 1965இல் தெலுங்கில் ‘பிரேமிஞ்சி சூடு’ ஆயிற்று. 1966இல் ஸ்ரீதரே இந்தியில் ‘பியார் கியே ஜா’ என எடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து மராத்தியில் ‘தூம் தடாகா’ (1985) என மீண்டும் பிறந்தது. இத்தனை மொழிகளில் மக்கள் ஏற்ற கதையில், மொழிக்கு அப்பாற்பட்ட ஒன்று இருந்தாக வேண்டும்.

எல்லை கடந்த சிரிப்பு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறது. பிறரை இகழ்ந்து எள்ளுதல், இளமையின் துடுக்கு, அறிவின்மை, கேட்டதை ஆராயாது பற்றிக்கொள்ளும் மடமை என அவற்றை விளக்கலாம். வேலையிலிருந்து நீக்கிய முதலாளியின் வீட்டு வாசலிலேயே அசோக் கூடாரமிட்டுப் போராடுவது எள்ளல். காதலரின் ஆட்டமும் பாட்டும் இளமை. கையில் காசின்றித் திரைப்படம் எடுக்கக் கிளம்பும் செல்லப்பாவின் செயல் பேதைமை. வேடமிட்டவனை மெய்யான செல்வரென விசுவநாதன் நம்புவது மடமை. இந்நான்கும் தமிழர்க்கு மட்டும் உரியவையல்ல. மனிதர் வாழும் இடமெங்கும் உள்ளவை. கதையின் மாதிரி பல மொழிகளுக்குப் பொருந்தியதற்கு இதுவே காரணம்.

இதற்குச் சிறந்த சான்று, செல்லப்பா தன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. இன்றைய திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரத்தில் பிறந்த நாகேஷ் செல்லப்பாவாகவும், டி. எஸ். பாலையா விசுவநாதனாகவும் நடித்தனர். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாகேஷ், ரயில்வேயில் பணியாற்றிப் பின் நாடகத்தின் வழியே திரைக்கு வந்தவர். தமிழ்நாட்டையே சிரிக்கவைத்த நாவின் தாய்மொழி தமிழன்று என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அக்காட்சியில் சொற்கள் குறைவு. காற்றின் ஓசை, கதவின் கிறீச்சொலி, காலடிச் சத்தம் ஆகியவற்றை நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். கைகளும் கண்களும் கதை சொல்கின்றன. ஆனால், சிரிப்பின் பெரும்பங்கு கேட்பவரிடமே இருக்கிறது. பாலையா அஞ்சி ஒடுங்குகிறார். வீட்டையே அதட்டி ஆளும் செல்வர், தாம் மதிக்காத மகனின் வெற்றுக் கதைக்கு நடுங்குவதே அங்குள்ள நகை. இந்தியில் அதே காட்சியில் மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் கேட்டு நடுங்கினார். ‘ஓஹோ’ அங்கே ‘வாஹ் வாஹ்’ ஆயிற்று. அப்படத்தில் நடித்தமைக்காக மெஹ்மூதுக்குச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்பேர் விருது கிடைத்தது. ஒலியும் முகமும் மொழிபெயர்ப்பை வேண்டுவதில்லை. தக்க இருவர் கிடைத்தால் போதும்.

கடக்க மறுக்கும் சொல்

எல்லாச் சிரிப்பும் இவ்வாறு எளிதில் பயணம் செய்வதில்லை. வேலையிழந்த அசோக்கை மதிக்காத விசுவநாதன், அவன் செல்வர் வீட்டுப் பிள்ளை என்று நம்பியவுடன் பேச்சையே மாற்றிக்கொள்கிறார். அசோக் ‘அசோகர்’ ஆகிறான். அத்தோடு நில்லாமல், முதியவராக வந்தவரிடம் அவருடைய ‘மகன்’ பற்றிக் கேட்கும்போது அச்சொல்லையும் ‘மகர்’ என உயர்த்திவிடுகிறார். அறுபது ஆண்டுகளாகத் தமிழர் நினைவில் நிற்கும் இடம் அது.

அச்சிரிப்பு தமிழ் இலக்கணத்தின் உள்ளே பிறந்தது. ‘அன்’ ஆண்பால் ஒருமை விகுதி. ‘அர்’ பலர்பால் விகுதி. ஒருவரை மதித்துக் கூறும்போது ஒருமைக்குப் பன்மை விகுதி தருவது தமிழ் வழக்கு. புலவன் புலவர் ஆகலாம். தலைவன் தலைவர் ஆகலாம். ஆனால், ‘மகன்’ என்பது உறவுப்பெயர். அது வழக்கில் ‘மகர்’ ஆவதில்லை. பணத்தின்மீது கொண்ட பணிவு இலக்கணத்தின் வேலியையும் தாண்டிச் செல்வதை ஒரே விகுதி காட்டிவிடுகிறது.

இந்தியில் இச்சொல்லுக்கு நேரான விளையாட்டு அமைவது அரிது. ஆனால், அம்மொழிக்கு வேறு கருவிகள் உள்ளன. முன்னிலையில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று படிகள் உண்டு. பெயருக்குப் பின் ‘ஜீ’ என்னும் மதிப்புச்சொல் உண்டு. பணத்தைக் கண்டவுடன் நாக்கு படியேறுவதை அம்மொழியிலும் காட்ட இயலும். காட்டும் வழிதான் வேறு. ‘மகர்’ அங்கே செல்லவில்லையே எனக் குறைகூறுவோர், தமிழில் சிரிப்பைத் தந்தது அச்சொல்லா, அச்சொல்லால் வெளிப்பட்ட மனிதக் குணமா என்பதைச் சிந்திக்க வேண்டும். சொல் அந்தந்த மொழியின் துணி; குணமே மாதிரி.

இழப்பும் ஈட்டமும்

மறுஆக்கம் சிலவற்றை இழக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழில் முதியவர் வேடமிட்ட வாசுவாக முத்துராமன் நடித்தார். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் நோயுற்ற கணவனாக அவரைக் கண்டு கலங்கிய மக்கள், இரண்டே ஆண்டுகளில் அவரை ஒட்டுத்தாடியுடன் கண்டனர். துயரத்தின் முகம் குறும்பு செய்தபோது சிரிப்பு இருமடங்காயிற்று. இந்தியில் அவ்வேடத்தை ஏற்றவர் கிஷோர் குமார். அவர் முன்னரே நகைச்சுவைக்குப் பெயர்பெற்றவர். அவரிடம் குறும்பு எதிர்பார்க்கப்பட்டதே. ஆகவே தமிழில் கிடைத்த வியப்பு அங்கே குறைந்தது. ஆயினும், கட்டற்ற அவருடைய நடிப்பு வேறொரு களிப்பைச் சேர்த்தது. தமிழ் மெட்டுகளைக் கடன்வாங்காமல் லட்சுமிகாந்த்–பியாரேலால் புதிய இசை அமைத்தனர். தமிழில் நடித்த ராஜஸ்ரீ இந்தியிலும் நடித்தார். சில இழைகள் பழையவை. பல இழைகள் புதியவை.

மறுஆக்கங்கள் கற்பனை வறட்சியின் அடையாளம் என்பாரும் உளர். வெற்றி பெற்ற கதையைக் குறைந்த துணிவில் விற்கும் வணிகக் கணக்கு பல மறுஆக்கங்களின் பின்னே இருப்பது உண்மையே. காட்சிக்குக் காட்சி நகலெடுத்து உயிரற்றுப் போன படங்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. ஆனால், அக்குறை மறுஆக்கம் என்னும் முறைக்கு உரியதன்று. துணியைப் பாராமல் வெட்டிய கைக்கு உரியது. வான்மீகியின் கதையைத் தமிழில் பாடிய கம்பர், தமிழ் மரபுக்கேற்பப் பல இடங்களை மாற்றியமைத்தார். அதனால் மூலமும் குறையவில்லை, தமிழும் செழித்தது. எனவே, ஒரு மறுஆக்கத்திடம் கேட்கத்தக்க கேள்வி, ‘மூலத்தைப் போல இருக்கிறதா?’ என்பதன்று. மூலம் தன் மக்களிடம் எழுப்பிய உணர்வை, இது தன் மக்களிடம் தன் மொழியின் வளத்தால் எழுப்புகிறதா என்பதே அக்கேள்வி.

சிரிப்பு கற்பிப்பது

இக்கேள்வி திரையரங்கோடு முடிவதில்லை. இன்று திருப்பூரின் பவர் டேபிள்களில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் ஒலிக்கின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் தையல், செக்கிங், அயர்னிங் எனப் பல பிரிவுகளில் உழைக்கின்றனர். அருகருகே அமர்ந்து ஒரே சட்டையின் இரு பகுதிகளைத் தைக்கும் தமிழரும் வடமாநிலத்தவரும், தத்தம் மொழியில் ஒரே பேய்க்கதைக் காட்சிக்குச் சிரித்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். அதை இருவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்தால், அயலவர் என்னும் எண்ணம் சற்றே தளரும்.

கொங்கு வட்டாரம் மரியாதைப் பேச்சுக்குப் பெயர்பெற்றது. வயதில் இளையவரையும் ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என அழைக்கும் மண் இது. அம்மரியாதை, பிழைப்புத் தேடி வந்து தமிழைத் திக்கித்திக்கிப் பேசும் இளைஞனுக்கும் தவறாமல் கிடைக்கிறதா என்று இவ்வூர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு ‘ங்க’ சேர்ப்பதும், மொழி தெரியாத தொழிலாளியை ஒருமையில் விளிப்பதும் நிகழுமாயின், அது விசுவநாதனின் பேச்சேயாகும். திரையில் கண்டபோது சிரிக்கத் தெரிந்த ஒன்று, தெருவில் கேட்கும்போது உறுத்தாமல் போகிறது.

நல்ல நகைச்சுவை எத்தனை மொழிகளுக்குச் சென்றாலும் தன்னோடு கொண்டுசெல்வது இத்தகைய ஓர் உண்மையைத்தான். அதை ஏற்கும் மொழி தன் நூலால் அதற்கு ஆடை தைக்கிறது. ஏற்கும் மக்கள் தம் வாழ்வால் அதற்குப் பொருள் தருகின்றனர். பணத்தைக் கண்டு விசுவநாதன் சேர்த்த ‘அர்’ விகுதிக்குச் சிரித்தவர்கள், உழைப்பைக் கண்டு அதைச் சேர்க்கவும் பழக வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. தமிழில் மதிப்பைக் காட்டும் விகுதிகளையும் விளிகளையும் தொகுத்து, உங்கள் பகுதியில் அவை யாருக்கு, எப்போது வழங்கப்படுகின்றன என்பதை எழுதுக.
2. நீங்கள் பார்த்த நகைச்சுவைக் காட்சி ஒன்றை வேறு மொழிக்கு மாற்றினால் எவை தங்கும், எவை மாறும் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.
3. ‘மறுஆக்கம் படைப்பா, நகலா?’ என்னும் தலைப்பில் உங்கள் கருத்தைச் சான்றுகளுடன் கட்டுரையாக்குக.