வருவாய் ஓரிடம், கடன் ஓரிடம்

உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தினால் நாடு வளம் பெறும் என்று, அந்த வாய்ப்புக்குப் போட்டியிடும் அரசுகள் மக்களுக்குச் சொல்கின்றன. 2014-இல் பிரேசிலில் நடந்த போட்டியின் வரவுசெலவு அதற்கு இசைவாக இல்லை. ஒளிபரப்பு உரிமம், விளம்பரம், நுழைவுச்சீட்டு என அப்போட்டி ஈட்டிய சுமார் 480 கோடி டாலர் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்குச் சென்றது. பரிசுத்தொகை, ஏற்பாடு எல்லாம் சேர்த்து அது செலவிட்டதோ சுமார் 220 கோடி. அரங்குகளின் செலவில் பெரும்பகுதி பிரேசிலின் பொதுப்பணத்திலிருந்தும் அரசு வங்கிக் கடனிலிருந்தும் வந்தது. போதாக்குறைக்கு ஃபிஃபாவுக்கு வரிவிலக்கும் தரப்பட்டது. வரவும் செலவும் இப்படி வெவ்வேறு கைகளில் இருக்கும்வரை, போட்டியை ஒரு நாடு நடத்தலாமா என்பதைத் தீர்மானிக்க நம்பகமான அளவுகோல் ஒன்றே: புதிதாக எத்தனை அரங்குகள் கட்ட வேண்டும்?

பிரேசிலில் போட்டியை நடத்த எட்டு நகரங்களே போதுமானவையாக இருந்தன. உள்நாட்டு அரசியல் அதைப் பன்னிரண்டாக்கியது. எனவே பழி முழுவதையும் ஃபிஃபா மீது சுமத்த முடியாது. அமேசான் காட்டின் நடுவிலுள்ள மனாவுஸ் நகரில் ஏறத்தாழ 44,000 பேர் அமரும் அரங்கு எழுந்தது. அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கே. தலைநகர் பிரசிலியாவில் முதல்நிலை லீக்கில் ஆடும் அணி ஒன்றுகூட இல்லாதபோதும் சுமார் 70,000 இருக்கைகளுடன் அரங்கு கட்டினார்கள். அடுத்த ஆண்டே அதன் வாகன நிறுத்துமிடம் பேருந்துப் பணிமனையாகப் பயன்பட்டது.

இதற்கு நேர்மாறானது 1994-இல் அமெரிக்கா நடத்திய உலகக் கோப்பை. போட்டிக்கென்று ஒரு புதிய அரங்குகூட அங்கே கட்டப்படவில்லை. டெட்ராய்ட் அருகே கூரை மூடிய அரங்கில், வெளியே வளர்த்த புல்லைக் கொண்டுவந்து பரப்பி ஆட்டங்களை நடத்தினார்கள். அந்த 52 ஆட்டங்களைக் காண 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்; ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 69,000 பேர். அரங்கு பழையது என்பதற்காக ரசிகர்கள் வராமல் இருக்கவில்லை. செல்வ நாட்டுக்கு இது எளிது, இந்த அளவுகோல் ஏழை நாடுகளை வெளியே நிறுத்திவிடும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால், கடன் வாங்கிக் கட்டிய அரங்கு ஏழை நாட்டுக்கு நீதி ஆகாது. அண்டை நாடுகள் சேர்ந்து நடத்துவதும், கட்டுமானச் செலவில் ஃபிஃபா பங்கேற்பதுமே அந்த நாடுகளுக்குக் கதவைத் திறக்கும்.

போட்டியின் பெயரால் சாலையும் ரயிலும் வரும் என்பது இன்னொரு வாதம். பிரேசிலின் குயாபா நகரில் 2014-க்குள் ஓடவேண்டிய இலகு ரயில், பெட்டிகள் வாங்கிய பிறகும் நிறைவேறவில்லை. பின்னர் அத்திட்டமே கைவிடப்பட்டது. மக்களுக்குத் தேவையான ரயிலை, போட்டி நாளோடு முடிச்சுப்போடாமலே கட்டலாம். நாட்டின் பெருமை, மகிழ்ச்சி ஆகியவற்றைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் கால்பந்தை உயிராக நேசிக்கும் பிரேசில் மக்களே 2013 ஜூனில் தெருவுக்கு வந்தார்கள். அரங்குகளுக்குக் கிடைத்த ஃபிஃபா தரம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வேண்டும் என்று கேட்டார்கள்.

2026 முதல் 48 அணிகள். 2034 போட்டிக்கு ஃபிஃபா கேட்டது குறைந்தது 14 அரங்குகள். சுமை கூடிக்கொண்டே போகிறது. ஆகவே, ஒவ்வொரு புதிய அரங்கையும் போட்டிக்குப் பின் எந்த அணி பயன்படுத்தும், பராமரிப்புச் செலவை யார் ஏற்பார் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். விடை இல்லாத அரங்கைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அப்படியும் அரங்கு வேண்டும் என்று ஃபிஃபா வற்புறுத்தினால், அதன் செலவைத் தன் உபரியிலிருந்து அதுவே தரட்டும்.