வாடகைக்கு விடுற மெஷினுக்கு அட்வான்ஸ் மட்டும் போதுமா?

பள்ளிப்பட்டு பக்கம் கான்கிரீட் மிக்ஸர், ஜெனரேட்டர், சென்ட்ரிங் ஷீட் வாங்கி வாடகைக்கு விடலாம்னு யோசிக்கிறீங்களா? நல்ல தொழில்தான். ஆனா "தெரிஞ்ச பையன்தான், ஆதார் நகலும் அட்வான்ஸும் வாங்கிட்டேன்"னு நிம்மதியா இருக்கிறது தப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

ஒரு கணக்கு போடுவோம். மிக்ஸர் விலை ரூ.80,000, ஒரு நாள் வாடகை ரூ.800, அட்வான்ஸ் ரூ.5,000னு வச்சுக்குவோம். சைட்ல அது திருடு போனா, அட்வான்ஸ் போக ரூ.75,000 நஷ்டம். அதாவது 94 நாள் வாடகை! லோன்ல வாங்கியிருந்தா, இல்லாத மெஷினுக்கு இஎம்ஐ வேற கட்டணும்.

"எடுத்துட்டுப் போனவர்தானே பொறுப்பு?"ன்னு கேப்பீங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 சொல்றதைப் பாருங்க. பிரிவு 151 படி, சாதாரண விவேகம் உள்ள ஒருத்தர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்குவாரோ, அப்படிப் பார்த்துக்கணும். அப்படிப் பார்த்தும் தொலைஞ்சா, சேதமானா, தனி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அவர் பொறுப்பு இல்லைன்னு பிரிவு 152 சொல்லுது. எழுதி வாங்கலைன்னா நஷ்டம் உங்க தலையில விழலாம்.

அதனால பூட்டு, ஜிபிஎஸ் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பேப்பர் வேணும். அதுல இதெல்லாம் இருக்கட்டும்:

1. தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ யார், எவ்வளவு தரணும்.

2. எந்த சைட், என்ன வேலை, எத்தனை நாள். பார்டர் தாண்டி நகரி பக்கம் கொண்டு போகலாமா, கூடாதா. பேசினதுக்கு மாறா பயன்படுத்தி சேதமானா, பிரிவு 154 படி நஷ்டஈடு கேட்கலாம்.

3. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ரெண்டு பேர் முன்னாடி வீடியோ: இன்ஜின் நம்பர், டயர், டீசல் அளவு, ஹவர் மீட்டர் ரீடிங். மீட்டருக்கு நம்பர் போட்ட சீல் வச்சா, ஓட்டினதை மறைக்க வயரைக் கழட்டினாலும் தெரிஞ்சிடும்.

உங்களுக்கும் ஒரு கடமை இருக்கு. மெஷின்ல இருந்த கோளாறால எடுத்தவருக்கு நேரடியா பாதிப்பு வந்தா, அந்தக் கோளாறு உங்களுக்குத் தெரியாம இருந்தாலும் நீங்கதான் பொறுப்பு (பிரிவு 150). அதனால சர்வீஸ் பண்ணிட்டுக் கொடுங்க. ஓட்டுற விதத்தையும் ஓட்டப்போற ஆளுக்கே நேர்ல காட்டிடுங்க.

தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்க கூச்சமாத்தான் இருக்கும். கூச்சம் அஞ்சு நிமிஷம், இஎம்ஐ வருஷக்கணக்குல. எது பரவாயில்லைன்னு நீங்களே முடிவு பண்ணுங்க!