மேப் போடச் சொன்னா ஏன் இவ்வளவு கோபம்?

நீளமான த்ரெட். சண்டைக்கு வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு வாங்க, காத்திருக்கேன்.

போன வாரம் எனக்குப் பிடிச்ச டஞ்சன் க்ராலர் கேம்களைப் பத்தி இங்கே எழுதியிருந்தேன். வந்த பதில்கள்ல பாதி ஒரே பாட்டு. "டாக்டர், ஒன்றரை மணி நேரம் ஒரே சுவரையே சுத்திச் சுத்தி வந்தேன், ரீஃபண்ட் வாங்கிட்டேன்." இது பரவாயில்ல. காசு அவர் காசு. ஆனா இன்னொருத்தர் எழுதினார்: "மேப் இல்லாதது அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல மெமரி இல்லாததால வந்த குறை. குறையைப் போய் கலைன்னு விக்காதீங்க." அதுக்கு முந்நூத்துச் சொச்சம் லைக்.

இந்த த்ரெட் அவருக்கும் அந்த முந்நூறு பேருக்கும்.

ஆடாதவங்களுக்கு ரெண்டு வரி. நாம பார்க்கிறது கதாபாத்திரத்தோட கண் வழியா. பூமிக்கு அடியில ஒரு சுரங்கம், தளம் தளமா கீழே இறங்குது. பெரும்பாலும் தரை முழுக்கக் கட்டம். ஒரு தடவை அமுக்கினா ஒரு கட்டம் முன்னால, இன்னொரு தடவை அமுக்கினா 90 டிகிரி திரும்பும். சுவர், கதவு, மறுபடி சுவர். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால வழி தவறும். வழி தவறாம இருக்கத்தான் வரையணும்.

இப்போ அந்த "குறை"க்கு வருவோம்.

1981. ஆப்பிள் II கம்ப்யூட்டர். ஆண்ட்ரூ க்ரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட்னு ரெண்டு பேர் சேர்ந்து எழுதின விசார்ட்ரி முதல் பாகம். (வில்லன் பேர் வெர்ட்னா, ராஜா பேர் ட்ரெபோர். ஆங்கிலத்துல ரெண்டையும் பின்னால இருந்து படிங்க, யார்னு புரியும்.) 10 தளம், ஒவ்வொண்ணும் 20க்கு 20 கட்டம். திரையில திசைகாட்டி கூடக் கிடையாது.

மெமரி பத்தலைன்னு வெச்சுக்குவோம். அப்போ இதுக்கு பதில் சொல்லுங்க: அந்தத் தளங்கள்ல ஸ்பின்னர்னு ஒரு கட்டம் எதுக்கு வெச்சாங்க? அதுல கால் வெச்சதும் உங்களைச் சத்தமே இல்லாம வேற திசைக்குத் திருப்பிவிடும். நீங்க வடக்கே போறதா நினைச்சுக்கிட்டுக் கிழக்கே போய்க்கிட்டிருப்பீங்க. எதுவுமே தெரியாத இருட்டுக் கட்டங்கள் எதுக்கு? தள்ளிவிட்டதே தெரியாம வேற மூலைக்குக் கொண்டுபோற டெலிபோர்ட்டர் எதுக்கு? ஒரு ஓரத்துல வெளியே போனா எதிர் ஓரத்துல உள்ளே வர்ற தளம் எதுக்கு?

இவ்வளவும் யாரைக் குறிவெச்சுப் போட்டது? அசுரனோட சண்டை போடற வீரனை இல்ல. மேசைல பென்சிலோட உக்காந்திருக்கற உங்களை. ஸ்பின்னர் உங்க ஹீரோவுக்கு ஒரு புள்ளி அடி கூடப் போடாது. அது அடிக்கிறது உங்க பேப்பரை.

இதுக்கு மேலயும் ஒரு சாட்சி இருக்கு. டூமாபிக்னு ஒரு மந்திரம். போட்டா நீங்க எத்தனை கட்டம் கிழக்கே, எத்தனை வடக்கே, எந்தத் திசை பார்த்து நிக்கறீங்கன்னு சொல்லும். அந்த மந்திரத்தை ஒரு இறக்கத்துக்கு இத்தனை தடவைதான் போட முடியும். அதே இடத்தைச் செலவு பண்ணி எதிரிங்களைத் தூங்கவைக்கற மந்திரத்தையும் போடலாம். உயிரைக் காப்பாத்திக்கறதா, எங்கே இருக்கோம்னு தெரிஞ்சுக்கறதா? "நான் எங்கே நிக்கறேன்" என்ற தகவலுக்கே விலை வெச்சிருக்காங்க ஐயா. இடம் இல்லாம விட்டவன் விலை வெப்பானா?

இதுல ஆட்டோமேப்பை ஒட்டிப் பாருங்க. ஸ்பின்னர் செத்துப்போச்சு, மூலையில அம்புக்குறி திரும்பறது கண்ணுக்குத் தெரியுதே. டெலிபோர்ட்டர் செத்துப்போச்சு. டூமாபிக் எதுக்கும் உதவாத மந்திரம் ஆயிடுச்சு. மிச்சம் இருக்கறது 400 காலிக் கட்டமும் நடுநடுவுல சண்டையும். அதை ஆடிட்டு "போர் அடிக்குது, பழைய கேம்னா இப்படித்தான்"னு விமர்சனம் எழுதறீங்க. குடலை எடுத்துட்டு, பேஷன்ட்டுக்கு ஏன் சாப்பாடு செரிக்கலைன்னு கேக்கற மாதிரி இருக்கு.

நானும் யோக்கியன் இல்ல. முதல் தடவை எமுலேட்டர்ல ஆடினப்போ இணையத்துல இருந்து யாரோ போட்ட மேப்பை இறக்கிப் பக்கத்துல வெச்சுக்கிட்டேன். நாலாவது நாள் விட்டுட்டேன். ஏன் விட்டேன்னே அப்போ புரியல. படிக்கட்டு எங்கேன்னு தெரியும், பெட்டி எங்கேன்னு தெரியும். யாரோ முடிச்ச வேலைக்கு நான் வவுச்சர் எழுதிக்கிட்டிருந்தேன்.

ரெண்டாவது தடவை ஈசிஜி பேப்பர்ல ஆரம்பிச்சேன். சிரிக்காதீங்க. சிங்கிள் சேனல் மெஷின் ரோல் அகலம் 50 மில்லிமீட்டர், பெரிய கட்டம் 5 மில்லிமீட்டர். குறுக்கே 10 கட்டம். ரெண்டு துண்டைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டினா 20. விசார்ட்ரி தளம் அப்படியே உக்காருது! ரோல் முடியப்போகுதுன்னு சிவப்புக் கோடு வரும் பாருங்க, அதுக்கப்புறம் ஒரு முழு ஈசிஜி எடுக்க முடியாத வால் துண்டு குப்பைக்குத்தான் போகும். அதைத்தான் எடுத்தேன். ஆடிட் ஆபீஸர் யாராவது படிச்சா குறிச்சுக்கோங்க, வால் துண்டு மட்டும்.

அந்தப் பேப்பர்ல நடந்த கதை. விசார்ட்ரில உங்க ஆறு பேரும் செத்தா கேம் முடியாது. பிணங்கள் செத்த இடத்துலயே கிடக்கும். டிஸ்க்ல எழுதியாச்சு, பழைய சேவ்னு எதுவும் இல்ல. (எழுதறதுக்குள்ள டிஸ்க்கை உருவற வித்தை அந்தக் காலத்துல எல்லாருக்கும் தெரியும்.) புதுசா ஒரு குழு சேர்த்து, வளர்த்து, அதே இடத்துக்குப் போய்த் தேடி எடுத்துட்டு வரணும். குழுவுல மொத்தம் ஆறு இடம்தான், பிணமும் ஒரு இடம் பிடிக்கும். மூணு பேர் போனா மூணு பேரைத்தான் தூக்கலாம். மேல கொண்டுவந்து கோயில்ல காசு கட்டி உயிர்ப்பிச்சா, சில சமயம் உயிர் வராம சாம்பல் ஆயிடும். சாம்பலுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அதுவும் தவறினா அவ்வளவுதான், பேரே அழிஞ்சுடும்.

என் ஆறு பேரும் மூணாவது தளத்துல செத்தாங்க. செத்த இடம் பேப்பர்ல குறிச்சிருந்தேன். நைட் டியூட்டி முடிஞ்ச நாட்கள்ல உக்காந்து ரெண்டு வாரம் புது ஆட்களைத் தயார் பண்ணி மூணு பேரைக் கூட்டிட்டுப் போனேன். குறிச்ச கட்டத்துல போய்த் தேடறேன், யாரும் இல்ல. பக்கத்துக் கட்டம், அதுலயும் இல்ல. மந்திரம் தீர்ந்துபோச்சு, திரும்பி வந்தேன். அப்புறம் மேப்பை வெச்சு உத்துப் பார்த்தா ஒரு நடைபாதை ரெண்டு அறைக்குள்ள புகுந்து போகுது. அப்படி இருக்கவே முடியாது. நடுவுல எங்கேயோ ஒரு ஸ்பின்னரை நான் கவனிக்கல. அதுக்கு அப்புறம் வரைஞ்சது எல்லாமே 90 டிகிரி தப்பு. அழிச்சுத் திருப்பிப் போட்டேன். பிணம் கிடக்கற கட்டம் தானா வேற இடத்துக்கு நகர்ந்துச்சு. மறுநாள் போனேன், இருந்தாங்க.

ஆறு பேர்ல அஞ்சு பேர் பிழைச்சாங்க. ஒருத்தன் சாம்பலாகி அழிஞ்சான். அந்தத் துண்டு இன்னும் என் டைரிக்குள்ள இருக்கு.

இதை எந்த ஆட்டோமேப் தரும்? தப்பே பண்ணாத மேப்ல தப்பைக் கண்டுபிடிக்கிற வேலையும் கிடையாது.

இப்போ மறுபக்கத்து ஆட்களையும் ஒரு பிடி பிடிக்கணும். "கிராஃப் பேப்பர் இல்லாம ஆடறவன் எல்லாம் ஆளா"னு மீசை முறுக்கற கூட்டம். அண்ணன்மார்களே, நீங்களும் தப்பு. கஷ்டமா இருக்கறதுதான் பெருமைன்னா கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடுங்க. என் வாதம் ஒண்ணே ஒண்ணு: அந்த கேம் மேப்பை நம்பிக் கட்டப்பட்டதா, வேற எதையாவது நம்பியா? மருந்து ஆளைப் பொறுத்து மாறும்.

1987ல அட்டாரி எஸ்டிக்கு வந்த டஞ்சன் மாஸ்டர். 24 வீரர்கள் சுவர்க் கண்ணாடிகள்ல அடைபட்டிருப்பாங்க, நாலு பேரை எடுத்துக்கலாம். எல்லாம் நிஜ நேரத்துல ஓடும். நீங்க யோசிச்சுக்கிட்டு நிக்கும்போது தீப்பந்தம் மங்கும், பசிக்கும், தாகம் எடுக்கும். இதுலயும் மேப் கிடையாது. ஆனா நடந்துவந்த கால்தடத்தைத் தரையில காட்டற ஒரு மந்திரம் உண்டு. வழியைத் தெரிஞ்சுக்கறதே திரும்பவும் ஒரு செலவுப் பொருள்.

1992 மார்ச்ல அல்டிமா அண்டர்வேர்ல்ட். உல்ஃபன்ஸ்டைன் 3டி வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. கட்டம் கட்டமா தாவறது இல்ல, சாய்வுத் தரை, நீந்தலாம், குதிக்கலாம், மேல நிமிர்ந்து பார்க்கலாம். இதுல ஆட்டோமேப் இருக்கு, நான் கை தூக்கி வரவேற்கறேன். ஏன்னா அந்த உலகத்தைச் சதுரத் தாள்ல போட முடியாது. அதைவிட முக்கியம், அந்த மேப் மேலயே நீங்க எழுதலாம். "இங்கே ஒரு பூதம், பேச்சு கொடுத்தா சாவி தரும்"னு உங்க வார்த்தையில. சுவரை கேம் வரையும், அர்த்தத்தை நீங்க எழுதணும். வேலையைப் பங்கு போட்டுக்கிட்டாங்க, பிடுங்கிக்கல.

லெஜண்ட் ஆஃப் க்ரிம்ராக், 2012. காலேஜ் ஹாஸ்டல்ல லேப்டாப்ல நான் முதல்ல ஆடின டஞ்சன் க்ராலர் இதுதான். ஃபின்லாந்துல ஒரு சின்னக் குழு செஞ்சது. நாலு கைதிகளை மலை உச்சில இருந்து உள்ளே தள்ளிவிட்டுடுவாங்க. இதுல ஆட்டோமேப்போடவே ஆடினேன், ஒண்ணும் குறையல. காரணம், அது உங்களை வழி தவறவெச்சு ஜெயிக்கற கேம் இல்ல. தரைப் பலகை, நெம்புகோல், திறந்து மூடற குழி, எந்தக் கல்லை எங்கே எறியணும். புதிர்தான் அதோட முதுகெலும்பு. ஆனாலும் ஆரம்பத்திலேயே ஓல்ட் ஸ்கூல் மோடுனு ஒண்ணைத் தனியா வெச்சு, வேணும்னா மேப்பை அணைச்சுக்கோன்னு மரியாதையாக் கேட்டாங்க.

இந்த விவகாரத்துல என் தீர்ப்பு எப்பவும் எட்ரியன் ஒடிஸி பக்கம். 2007, அட்லஸ் நிறுவனம், நின்டெண்டோ டிஎஸ். "மெமரி இல்லாததால வந்த குறை"னு சொன்னவர் இங்கே கொஞ்சம் கவனிங்க. 2007ல மெமரி பஞ்சமா? அந்தக் கருவியில ரெண்டு திரை. மேல் திரையில டஞ்சன், கீழ்த் திரையில வெறும் கட்டத்தாள், கையில குச்சிப் பேனா. நடந்த தரையை கேம் நிறம் தீட்டிக் கொடுக்கும். சுவர், கதவு, பெட்டி, படிக்கட்டு எல்லாம் நீங்க போடணும். ஊருக்குள்ள போனதும் கொடுக்கற முதல் வேலையே, முதல் தளத்துல ஒரு பகுதியை வரைஞ்சு காட்டு, அப்புறம்தான் மேற்கொண்டு விடுவோம்கறதுதான்.

அதுக்குமேல எஃப்ஓஈன்னு பெரிய ஜந்துக்கள். நீங்க ஒரு அடி வெச்சா அதுவும் ஒரு அடி வைக்கும். மேப்ல உருண்டையா நகரும். நேருக்கு நேர் மாட்டினா ஆரம்பத்துல சாவுதான். அப்போ நீங்க வரைஞ்ச சுவர் வெறும் ஞாபகக் குறிப்பு இல்ல, தப்பிக்கற வழி. முந்தாநாள் சோம்பேறித்தனமா ஒரு முட்டுச்சந்தை வரையாம விட்டிருந்தா இன்னிக்கு அதுல போய் மாட்டுவீங்க. மெமரியும் திரையும் எல்லாம் இருந்தும், வேணும்னே பேனாவை ஆடறவன் கையில கொடுத்தாங்க. இது போதாதா?

"டாக்டர், மூளைக்கு நல்லதுன்னு சொல்லுங்க, ஷேர் பண்றோம்"னு ஒருத்தர் கேட்டிருந்தார். சொல்லமாட்டேன். லண்டன் டாக்ஸி டிரைவர்களுக்கு ஹிப்போகேம்பஸோட பின்பகுதி பெரிசா இருந்துச்சுன்னு 2000ல மகுவயர் குழு காட்டினது உண்மை. ஆனா அவங்க வருஷக்கணக்கா ஒரு நகரத்தோட தெரு முழுக்க மனப்பாடம் பண்றவங்க, நீங்க சோபால உக்காந்து எலும்புக்கூட்டோட சண்டை போடறவங்க. 2014 நோபல்ல பேசப்பட்ட க்ரிட் செல்களையும் இழுக்காதீங்க, அந்தக் கட்டம் அறுகோணம், நம்ம கட்டம் சதுரம். இது சத்து மாத்திரை இல்ல. சந்தோஷம், அவ்வளவுதான். சந்தோஷத்துக்கு பிரிஸ்கிரிப்ஷன் கேக்கற பழக்கத்தை எப்போ விடப்போறோம்?

ஒரு விஷயம் ஒத்துக்கறேன். கை நடுங்கறவங்க, கண் சரியாத் தெரியாதவங்க, பிள்ளையைத் தூங்கவெச்சுட்டு இருபது நிமிஷம் கிடைக்கறவங்க, உங்களுக்கு ஆட்டோமேப் இருக்கணும். கட்டாயம் இருக்கணும். நான் கேக்கறது ஒண்ணுதான்: அதை அணைக்கற வசதியும் இருக்கட்டும், அதை "வசதி"ன்னு சொல்லும்போது எதை எடுத்துட்டுக் கொடுக்கறோம்னு தெரிஞ்சு சொல்லுங்க. 2024ல டிஜிட்டல் எக்லிப்ஸ் விசார்ட்ரி முதல் பாகத்தைப் புதுசாச் செஞ்சு வெளியிட்டாங்க. திரை மூலையில 1981 ஆப்பிள் II திரையும் கூடவே ஓடும். பழைய விதிகளை வேணும்னா நாமே தேர்ந்தெடுத்துக்கலாம். அதோட இசைக்கு 2025ல கிராமி விருது கூடக் கிடைச்சுது. பழசுக்கு மரியாதை கொடுக்கறது அப்படித்தான்.

மெமரிக்காரருக்குத் திரும்ப வர்றேன். நீங்க ஆடற நூறு மணி நேர ஓப்பன் வேர்ல்ட் கேம்ல மஞ்சள் கோடு பின்னாலயே ஓடறீங்க. அந்தக் கோட்டை அணைச்சுட்டு, முதல் ஊர்ல இருந்து ரெண்டாவது ஊருக்கு வழி சொல்லுங்க பார்ப்போம். என்னை நடு ராத்திரி எழுப்பிக் கேளுங்க, விசார்ட்ரி முதல் தளத்துல படிக்கட்டுல இருந்து ரெண்டாம் தளத்துக்கு வழி சொல்றேன்.

ஆரம்பிக்கணும்னு நினைக்கறவங்க எட்ரியன் ஒடிஸியில இருந்து தொடங்குங்க. முதல் மூணு பாகமும் சேர்ந்து 2023ல ஸ்டீம்ல வந்திருக்கு, மௌஸாலயே வரையலாம். விசார்ட்ரிக்கு அப்புறம் வாங்க. கிராஃப் நோட்டு எந்த ஸ்டேஷனரி கடையிலயும் கிடைக்கும், பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சைக்கு வாங்கினோமே அதேதான். பேனா வேண்டாம், பென்சில். ரப்பர் நல்லதா வாங்குங்க. ஈசிஜி பேப்பர் கேட்டு டிஎம்ல வராதீங்க, தரமாட்டேன்.