கொல்லிமலை மழையை செல்போன் டவர் அளக்கட்டும்

பெருமழை கொட்டும்போது உங்கள் வீட்டு டிடிஎச் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு "சிக்னல் இல்லை" என்று வருகிறது அல்லவா? உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். செயற்கைக்கோளிலிருந்து வரும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். மழைத்துளிகள் இதனை உறிஞ்சிச் சிதறடித்துவிடுகின்றன.

எவ்வளவு மழைக்கு எவ்வளவு சிக்னல் குறையும் என்பதற்குக் கணிதச் சூத்திரம் உள்ளது. ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மைக்ரோவேவ் டிஷ் மூலம் இணைப்புக் கொடுக்கும் இன்ஜினியர்கள் இதனைப் பயன்படுத்தித்தான், அடைமழையிலும் இணைப்பு அறுந்துவிடாதபடி கூடுதல் பவர் ஒதுக்குகிறார்கள். 23 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்தால், ஒரு கிலோமீட்டருக்குள் சிக்னல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், சிக்னல் குறைந்த அளவிலிருந்து மழையைக் கண்டுபிடிக்கலாம். இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாகிட் மெஸ்ஸர் குழுவினர் 2006-ல் இதனைச் செய்து காட்டினர். நெதர்லாந்து ஆய்வாளர்களோ 2013-ல் சுமார் 2400 டவர் இணைப்புகளின் பதிவுகளை வைத்து நாடு முழுவதற்கும் மழை வரைபடமே போட்டுவிட்டார்கள். ஆன்டெனா நனைவதால் வரும் இழப்பைத் தனியே கழிப்பதுதான் சற்றுத் தலைவலி.

நம் கொல்லிமலைக்கு இது மிகவும் தேவை என்பது என் கருத்து. இந்தியா 2025 மே மாதம் தொடங்கிய புதிய வானிலை மாடல், புனேயிலுள்ள அர்கா சூப்பர் கம்ப்யூட்டரில் நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. முன்பு 12 கிலோமீட்டராக இருந்தது, நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கொல்லிமலையில் அடிவாரத்திலிருந்து சில கிலோமீட்டரிலேயே தரை 1000 மீட்டருக்கு மேல் எழும்பிவிடுகிறது. ஒரே கட்டத்துக்குள் சரிவும் சமவெளியும் இருந்தால், கம்ப்யூட்டர் இரண்டுக்கும் சராசரிதான் தரும். மழைமானியும் தான் இருக்கும் இடத்து மழையை மட்டுமே சொல்லும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது போல் இங்கே கொட்டினால், 70 கொண்டை ஊசி வளைவுகளில் எதற்கு மேலே மழை வலுக்கிறது என்று பஸ் டிரைவருக்கு யார் சொல்வது?

வியாபார ரகசியம் என்று செல்போன் நிறுவனங்கள் தயங்கலாம். நெதர்லாந்தில் பயன்பட்டது 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவான சிக்னல் அளவு மட்டுமே. யாருடைய பேச்சும் அதில் இல்லை. மலைப் பகுதிகளில் டவருக்கு அனுமதி தரும்போதே, இந்த எண்களை வானிலைத் துறைக்கு இலவசமாக அனுப்ப வேண்டும் என்று அரசு நிபந்தனை போடலாம்.